சங்கத்துக்கு எதிரே பிறந்த சங்கம்: இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் கூட்டு ஒப்பந்தமும், 1929–2021

2019 ஜனவரி 28ஆம் திகதி, பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையில் தேயிலை, றப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கான சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பற்றி உடனே இரண்டு கணக்குகள் உலவத் தொடங்கின. சம்பளம் 20 ரூபாதான் கூடியிருக்கிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். நூற்றுக்கு 40 கூடியிருக்கிறது என்றன தோட்டங்களை நடத்தும் கம்பனிகள். இரண்டுமே சரியான கணக்கு. முன்பு எல்லாப் படிகளும் கைக்கு வந்தால் நாளுக்கு 730 ரூபா, இப்போது 750. ஆனால் அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆகியிருந்தது. எந்த எண்ணைப் பிடிக்கிறோமோ அந்தக் கதை வரும்.

தொழிலாளர் பக்கம் கையொப்பம் போட்ட சங்கங்களை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். கம்பனிகளின் சார்பில் பேச்சு மேசையில் இருந்தது இலங்கை முதலாளிமார் சம்மேளனம். ‘முதலாளிமார் சம்மேளனத்துடனான பேச்சுவார்த்தை தோல்வி’ என்ற தலைப்பை ஆண்டுக்கணக்காகப் படித்துப் பழகியவர்கள்கூட, அது யார், எப்போது வந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். தோட்ட முதலாளிகளின் சங்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சம்மேளனம் தோட்டச் சம்பளம் பேச வந்தது கடைசி முப்பது ஆண்டுகளில்தான். அதற்கு முந்தைய அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதற்குக் கொழும்பில் கழிந்தன.

இங்கே நான் பார்க்க விரும்புவது ஒரு கேள்வியை. முதலாளிகளின் சங்கம் ஒன்று எதைக் கொண்டு உயிர் வாழ்கிறது? 1929இல் ஓர் ஒப்பந்தத்தோடு வாழ்வைத் தொடங்கிய அமைப்பு, 2021இல் மிக அதிகமான தொழிலாளரைக் கட்டிவைத்திருந்த தன் ஒப்பந்தத்தை எப்படி இழந்தது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்மேளனத்தின் பலம் அதன் அங்கத்தவர்களின் பணப்பெட்டியில் மட்டும் இருக்கவில்லை. வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றக்கூடிய ஒரு தொழிற்சங்கம் எதிர்ப்பக்கத்தில் இருந்ததிலும் அது இருந்தது. அந்தப் பக்கம் தேய்ந்தபோது இந்தப் பக்கமும் தேய்ந்தது.

ட்ராம் பாதையில் தொடங்கியது

1920களின் கொழும்பை ஏ. ஈ. குணசிங்க இல்லாமல் சொல்ல முடியாது. 1922இல் அவர் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1923இல் ரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரம் முழுக்கப் பரவியது. 1927இல் துறைமுகம் நின்றது. துறைமுகம் நின்றால் அந்நாளைய இலங்கையே நின்ற மாதிரிதான். தேயிலையும் றப்பரும் வெளியே போவது அந்த வழியாக, அரிசி உள்ளே வருவதும் அந்த வழியாக. 1928இல் குணசிங்க சங்கங்களை ஒன்றுசேர்த்து அகில இலங்கைத் தொழிற்சங்க காங்கிரஸை அமைத்தார்.

1929இன் தொடக்கத்தில் ட்ராம் வேலைநிறுத்தம் வந்தது. கொழும்பு ட்ராம் சேவையை நடத்தியது பூஸ்டட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேய நிறுவனம். பேச்சு முறிந்து, ஆத்திரம் தெருவுக்கு வந்து, கூட்டம் மருதானைப் பொலிஸ் நிலையத்தைத் தாக்கித் தீவைத்தது. பொலிஸார் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

கொழும்பின் வணிகப் பகுதியான கோட்டையில் இருந்த ஆங்கிலேய வணிக நிறுவனங்களுக்கு அப்போது சங்கம் இல்லாமல் இருக்கவில்லை. இலங்கை வர்த்தக சம்மேளனம் 1839இலிருந்தே இருந்தது. தோட்டக்காரர் சங்கம் 1854இல் கண்டியில் தொடங்கியது. ஆனால் வர்த்தக சம்மேளனத்தின் வேலை வணிகம்: விலை, ஏலம், கப்பல், வரி. தொழிலாளியிடம் பேசுவதற்கென்று யாரும் இல்லை. வேலைநிறுத்தம் வந்தால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக முழித்தது. ஒன்று விட்டுக்கொடுத்தால் பக்கத்து நிறுவனத்துக்கு அடுத்த வாரம் அதே கோரிக்கை வந்து நின்றது. 1929இல் முதலாளிமார் சம்மேளனம் அமைந்தது இந்தச் சூழலில்தான்.

அதே ஆண்டு ஜூனில் சம்மேளனமும் குணசிங்கவின் தொழிற்சங்க காங்கிரஸும் ஒரு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் சாரம் எளிது. முதலாளிகள் தொழிற்சங்கத்தைப் பேசத் தகுந்த தரப்பாக ஏற்றார்கள். தொழிற்சங்கம் திடீர் வேலைநிறுத்தங்களைக் கைவிட ஒப்புக்கொண்டது. நேற்றுவரை வாசலில் நிற்கவிடாத ஆளுக்கு இன்று நாற்காலி. கருணையால் வந்த நாற்காலி அல்ல அது. கூட்டத்தை எழுப்பிவிட முடிந்த ஒருவரால்தான் அதை உட்கார வைக்கவும் முடியும் என்று கோட்டை நிறுவனங்கள் கணக்குப் போட்டன.

அந்தக் கணக்கு அதிக நாள் பலிக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை போனவர்கள் தெருவில் நின்றார்கள். குணசிங்கவின் அரசியல் மலையாளித் தொழிலாளருக்கு எதிரான பிரசாரமாகத் திரிந்தது. 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தலைமை கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகளின் கைக்குப் போயிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம் கூட்டம் இல்லை. கூட்டம் இருந்தவர்கள் எதிலும் கையெழுத்திட்டிருக்கவில்லை. இதே காட்சி பின்னால் இன்னொரு முறை வரும்.

அதே ஆண்டு, மலையில்

1929இல் மலையில் நடந்தது வேறு கதை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச் சட்டத்தின் கீழ், தோட்டத் தொழிலாளருக்கு முதன்முறையாகச் சட்டபூர்வச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 1929இல். உயர்நாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. கொழுந்து பறிக்கும் வேலையின் பெரும்பங்கைச் செய்த பெண்ணுக்கு ஏன் 11 சதம் குறைவு என்று யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

கொழும்புத் தொழிலாளி பேசிப் பெற்றான். தோட்டத் தொழிலாளிக்குச் சட்டம் தந்தது. அந்தச் சட்டமும் தொழிலாளியின் குரலுக்குப் பயந்து வந்ததைவிட, ஆட்களை அனுப்பிய இந்திய அரசின் நெருக்குதலுக்காக வந்தது என்பதே பொருந்தும். தோட்டத்தில் அப்போது பேசுவதற்குச் சங்கமே இல்லை. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தபோது அவர் எதிர்கொண்ட முதல் தடை தோட்ட வாசல். தோட்டம் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், ஆட்சிக்கு உட்பட்ட இடம். அனுமதியில்லாமல் உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் செத்த பிறகுதான் தோட்டக்காரர் தரப்பு இறங்கிவந்தது. அந்த ஆண்டே தொழிற்சங்கத்தை ஏற்கும் ஏழு அம்ச ஒப்பந்தம் வந்தது. கொழும்பில் ஐந்து உயிர், மலையில் ஓர் உயிர். நம் நாட்டுத் தொழில் உறவின் வரலாற்றில் அங்கீகாரத்துக்கு முன்னால் அநேகமாக ஒரு சவ அடக்கம் இருக்கிறது. ஆனால் மலையில் அந்தப் பேச்சை நடத்தியது தோட்டக்காரரின் சொந்த அமைப்புகள். கோட்டைச் சம்மேளனத்துக்கு அங்கே இன்னும் வேலை வரவில்லை.

கையெழுத்துக்குச் சட்டத்தின் பலம்

இடையில் மூன்று சட்டங்கள் வந்தன. இவற்றைப் புரிந்துகொள்ளாமல் சம்மேளனத்தின் பிற்கால வாழ்க்கை புரியாது.

1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்தும் அமைப்பு எதுவும் அதன் வரைவிலக்கணப்படி தொழிற்சங்கம்தான். முதலாளிகள் கூடி அமைத்தாலும் அதே பெயர். சட்டத்தின் கண்ணில் இரண்டு பக்கமும் ஒரே சாதி.

1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சபையை அமைக்க வழி செய்தது. அந்தச் சபையில் முதலாளிப் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். அமைச்சர் நியமிக்கும் சிலரும் இருப்பார்கள்; அதிகபட்சம் மூன்று பேர். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் அந்த மூன்று பேருக்கு வேலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் முடிவு அவர்கள் கையில். அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் பெரிதாகக் கவனிக்காத இந்த ஏற்பாடு 2021இல் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

மூன்றாவது, 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குச் சட்டம். முதலாளி அல்லது முதலாளிகளின் சங்கம் ஒரு பக்கம், தொழிலாளர் அல்லது தொழிற்சங்கம் மறுபக்கம். இவர்கள் எழுதிக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தைத் தொழில் ஆணையாளர் வர்த்தமானியில் வெளியிடுவார். வெளியானதும் அதன் வாசகங்கள் ஒவ்வொரு தொழிலாளியின் தனிப்பட்ட வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் இறங்கிவிடும். ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லி அதன் காலத்துக்குள் வேலைநிறுத்தம் செய்தால் அது குற்றம்.

இதை முதலாளியின் கண்ணால் பார்த்தால் சம்மேளனம் எதை விற்கிறது என்பது தெரியும். அது விற்பது அமைதி. இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ சம்பளம் இவ்வளவு, அதற்குமேல் கேட்டு யாரும் ஆலையை மூட முடியாது என்ற நிச்சயம். இதைத் தனி நிறுவனம் ஒன்று தானாகவும் வாங்கலாம்தான். ஆனால் பக்கத்து நிறுவனம் வேறு விலைக்கு வாங்கினால் நிச்சயம் குலைந்துவிடும். அதனால் சேர்ந்து வாங்கினார்கள். விற்பவரிடம், அதாவது தொழிற்சங்கத்திடம், சரக்கு இருக்கும்வரைதான் இந்த வியாபாரம்.

தம்போவின் காலம்

இந்த வியாபாரம் ஒழுங்காக நடந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு அலுவலகங்களுக்குத்தான் போக வேண்டும். சி.எம்.யூ. என்று எல்லோரும் சொல்லும் வணிக ஊழியர் சங்கத்தைக் குணசிங்கதான் 1928இல் தொடங்கியிருந்தார். 1948இல் அதன் பொதுச் செயலாளராக வந்தவர் பாலா தம்போ. விவசாயக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து, 1947 வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்ததற்காக அரசாங்க வேலையை இழந்தவர். 2014 செப்டெம்பரில் சாகும்வரை, 66 ஆண்டுகள், அதே பதவியில் இருந்தார். ஒரு சங்கத்துக்கு ஒரே ஆள் 66 ஆண்டு தலைமை தாங்குவது நல்லதா என்பது தனி விவாதம். சம்மேளனத்தின் பார்வையில் அதற்கு ஒரு பயன் இருந்தது: இன்று பேசினால் நாளைக்கும் இதே ஆள்தான் இருப்பார்.

தம்போ சட்டம் படித்தவர், இடதுசாரி, எளிதில் மடியாதவர். முதலாளிமாருக்கு அவரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடுதான் ஒப்பந்தம் நிலைத்தது. எழுதுவினைஞர்களின் சம்பளப் படிநிலை, வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடு ஏறும் படி, விடுமுறை, ஒழுக்காற்று விசாரணை முறை என்று பல நிறுவனங்களுக்குப் பொதுவான விதிகள் சி.எம்.யூ.–சம்மேளன ஒப்பந்தங்களாக வந்தன. வங்கி ஊழியர் சங்கத்துடனும் சம்மேளனம் இதே மாதிரி தனியார் வங்கிகளின் சார்பில் ஒப்பந்தம் எழுதியது. தம்போவின் சங்கம் கடும் வேலைநிறுத்தங்களையும் நடத்தியிருக்கிறது. ஒப்பந்தத்தின் மதிப்பு அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. அடிக்கத் தெரிந்தவன் அடிக்க மாட்டேன் என்று சொன்னால்தானே அந்தச் சொல்லுக்கு விலை?

1956க்குப் பிறகு இன்னொரு பக்கம் சம்மேளனத்தின் நிலம் சுருங்கியது. 1957இல் தொழில் நியாயசபைகள் வந்தன. வேலை நீக்கப்பட்டவன் நேரே வழக்குப் போடலாம். 1958இல் பஸ் சேவையும் துறைமுகச் சரக்குக் கையாளுதலும் அரசுடைமையாயின. பிறகு காப்புறுதி, பெற்றோலியம். ஒவ்வொரு தேசியமயமாக்கலும் முதலாளிகளின் சங்கத்துக்கு அங்கத்தவர் இழப்புத்தான். அரசாங்கமே முதலாளியானால் அதற்குச் சங்கம் எதற்கு? 1971இன் வேலை முடிவுறுத்தல் சட்டம் இன்னும் கடினம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேலை நீக்கத்துக்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்பது அன்றிலிருந்து முதலாளிமார் தரப்பின் நிலையான பாட்டு.

1977இல் பொருளாதாரம் திறந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கும் அதிகமானோர் வேலையிழந்தார்கள். தொழிற்சங்க இயக்கத்தின் முதுகு அங்கே முறிந்தது. கொழும்பில் அதற்குப் பிறகு சம்மேளனத்தின் வேலை மெல்ல மாறியது. ஒப்பந்தம் பேசுவது குறைந்து, அங்கத்தவருக்குச் சட்ட ஆலோசனை சொல்வது, நியாயசபையில் சட்டத்தரணி நிற்பது, முகாமையாளருக்குப் பயிற்சி தருவது என்று அது சேவை நிறுவனம் மாதிரி ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் முதலாளிகள் வலையமைப்பு ஒன்றையும் நடத்துகிறது; நல்ல வேலைதான், ஆனால் 1929இல் அதைத் தொடங்கியவர்கள் நினைத்த வேலை அல்ல. நாடு 1972இல் பெயர் மாற்றிய பிறகும் ஆங்கிலத்தில் சம்மேளனத்தின் பெயரில் ‘சிலோன்’ அப்படியே இருக்கிறது.

மலை வந்து சேர்ந்தது

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாயின. பழைய தோட்ட முதலாளிகளின் அமைப்புகளுக்குக் காலடி மண் போனது. அரசு அவற்றை நடத்தி நட்டப்பட்டு, 1992இல் முகாமையைப் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட புதிய கம்பனிகள். லட்சக்கணக்கான தொழிலாளரின் சம்பளத்தை யார் பேசுவது? கொழும்பில் அறுபது ஆண்டு அனுபவத்தோடு சம்மேளனம் இருந்தது.

எதிர்ப்பக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கங்களின் கூட்டுக் கமிட்டி. ஏற்பாடு இப்படி: வேலை நிபந்தனைகளுக்கும் பிணக்குத் தீர்க்கும் படிகளுக்கும் பொது ஒப்பந்தம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சம்பளத்துக்குத் தனி ஒப்பந்தம். கையெழுத்திடும் சங்கங்களுக்கு அங்கத்தவர் சந்தாவைச் சம்பளத்திலேயே கழித்துத் தோட்டக் கந்தோர் அனுப்பிவைக்கும்.

இந்தச் சந்தா விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சங்கத்துக்கு இது நிச்சய வருமானம். கம்பனிக்கு, தான் பேசும் சங்கம் நிலைத்து நிற்கும் என்ற உத்தரவாதம். ஆனால் மாதாமாதம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் ஒவ்வொரு வீட்டிலும் நின்று காசு வாங்கும் தேவை சங்கத்துக்கு இல்லாமல் போனது. காசு வாங்கப் போகும்போதுதான் திட்டு வாங்க வேண்டியிருக்கும். திட்டு வாங்கினால்தான் அடுத்த பேச்சுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். சங்கத்தின் காது மந்தமானதில் இதற்கும் பங்கு இருந்தது என்பது என் கணிப்பு.

சம்பள ஒப்பந்தங்களின் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கைவேலை தெரியும். 2009இல் மொத்தம் 405 ரூபா. அதில் அடிப்படை 285, வருகைப் படி 90, விலைப்பங்குப் படி 30. 2011இல் 515, அடிப்படை 380. 2013இல் 620, அடிப்படை 450, வருகைப் படி 140. கொடுக்கப்பட்ட வேலை நாட்களில் நூற்றுக்கு 75க்குப் போனால்தான் வருகைப் படி. காய்ச்சலிலோ வீட்டில் ஒரு சாவு விழுந்தோ கால் பங்குக்கு மேல் நாட்கள் தவறினால், மாதம் முழுவதற்கும் அந்தப் படி போய்விடும். படியாகக் கொடுக்கும் காசுக்குச் சேமலாப நிதியும் சேராது. ஆக, மேடையில் சொல்லும் தொகை ஒன்று, சம்பளத் துண்டில் வரும் தொகை ஒன்று. இரு தரப்புக்கும் இது வசதி. சங்கம் பெரிய எண்ணைக் காட்டலாம், கம்பனி சிறிய எண்ணைக் கொடுக்கலாம்.

1,000 ரூபா

2013 ஒப்பந்தம் 2015 மார்ச்சில் முடிந்தது. அடுத்தது கையெழுத்தாக 2016 ஒக்டோபர் ஆயிற்று. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பழைய சம்பளம். இந்த இடைவெளியில்தான் ‘நாளுக்கு 1,000’ என்ற கோரிக்கை மலையகத்தைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் வந்தது 730: அடிப்படை 500, வருகைக்கு 60, விலைப்பங்குக்கு 30, உற்பத்திக்கு 140. வருகைப் படியை 140இலிருந்து 60ஆகக் குறைத்து, போன 80 ரூபாவையும் மேலே 60ஐயும் உற்பத்திப் படி என்று வேறு பெயரில் வைத்தார்கள். கொழுந்து நிறை வந்தால் கிடைக்கும், வராவிட்டால் இல்லை. வரட்சிக் காலத்தில் கொழுந்து எங்கே வரும்?

இதோடு நம்பிக்கை உடைந்தது. கையெழுத்திட்ட சங்கங்களுக்கு வெளியே மலையக இளைஞர்கள் திரளத் தொடங்கினார்கள். 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு கூடியவர்களில் பலர் தோட்டத்தில் வேலை செய்பவர்களே அல்ல; தோட்டத்தில் பிறந்து கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்கள். தாயின் சம்பளத்துக்காக மகன் வந்து நின்றான். சம்மேளனத்தின் பேச்சு மேசையில் இவர்களுக்கு நாற்காலி இல்லை. 1933இல் வெள்ளவத்தையில் கண்ட காட்சி இங்கே திரும்பியது.

2019 ஜனவரியின் 750 இந்தப் பின்னணியில் வந்தது. நேர்மையாகச் சொன்னால் அது மோசமான ஒப்பந்தம் அல்ல. வருகைப் படியையும் உற்பத்திப் படியையும் எடுத்துவிட்டு அடிப்படையை 200 ரூபா உயர்த்தியது. காய்ச்சலில் கிடந்தவளுக்கும் மழையில் நிறை குறைந்தவளுக்கும் இது நல்லது. சேமலாப நிதிக்கு முதலாளியின் நூற்றுக்கு 12 பங்கு மட்டும் நாளுக்கு 24 ரூபா கூடியது. ஆனால் 1,000 கேட்டவர்களின் காதில் விழுந்தது 20. பல ஆண்டுகள் மொத்தத் தொகையைக் காட்டியே ஒப்பந்தங்களை விற்றவர்கள், முதன்முறையாக அடிப்படையைக் காட்டி விற்கப் பார்த்தார்கள். வாங்க ஆளில்லை.

அப்புறம் அரசியல் நேரடியாக இறங்கியது. 2020 மார்ச்சிலிருந்து 1,000 ரூபா என்று ஜனாதிபதி அறிவித்தார். மார்ச் வந்தது, கொரோனா வந்தது, சம்பளம் வரவில்லை. இதே 2020இல் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் தொழில் அமைச்சும் கூடி, ஊரடங்கால் வேலைக்கு வர முடியாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அது என்று முடிவெடுத்தன. அதாவது மூன்று தரப்பும் உட்கார்ந்தால் முடிவு வராது என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் மட்டும் வரவில்லை.

2021 ஜனவரியில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. பெப்ரவரி 5ஆம் திகதி தோட்டங்களில் ஒருநாள் வேலைநிறுத்தம். 8ஆம் திகதி சம்பளச் சபை கூடியது. முதலாளிப் பிரதிநிதிகள் ஒரு பக்கம், தொழிலாளர் பிரதிநிதிகள் மறுபக்கம். அமைச்சர் நியமித்தவர்கள் தொழிலாளர் பக்கம் சாய்ந்தார்கள். அடிப்படை 900, வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி 100. மார்ச்சில் வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

கம்பனிகள் அடுத்துச் செய்தது சட்டப்படி சரியான, விளைவில் கடுமையான காரியம். சம்பளத்தை அரசு தீர்மானித்த பிறகு கூட்டு ஒப்பந்தம் எதற்கு என்று விலகிக்கொண்டன. ஒப்பந்தம் இல்லையென்றால் சந்தாக் கழிப்பும் இல்லை. சங்கங்களின் வருமானம் நின்றது.

மலையில் இருந்தவர்கள் 1,000 ரூபாவைக் கொண்டாடியதில் தவறில்லை. ஆறு ஆண்டு கேட்ட தொகை அது. என் சந்தேகம் வேறு இடத்தில். ஒப்பந்தம் என்பது சம்பளம் மட்டுமல்ல. கொழுந்து நிறை எவ்வளவு, குறைந்தால் என்ன, வேலை நாட்கள் எத்தனை, பிணக்கு வந்தால் முதலில் யாரிடம் போவது, எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று எல்லாமே அதன் தாள்களில்தான் இருந்தன. சம்பளச் சபையின் வர்த்தமானியில் இருப்பது தொகை. கிலோ அதில் இல்லை.

சம்மேளனம் இதில் வென்றதாகவும் எனக்குத் தெரியவில்லை. அதற்கு 1929இலிருந்து ஒரே ஒரு பெரிய சரக்குத்தான் இருந்தது, அமைதி. 2021க்குப் பிறகு தோட்டத் துறையில் அது விற்பனைக்கு இல்லை. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது, பிறகு 1,350 ரூபா அடிப்படையோடு இன்னொரு வர்த்தமானி. பேச்சு மேசையில் முடிந்திருக்கக்கூடிய கணக்கு சபையிலும் நீதிமன்றத்திலும் அமைச்சர் மேடையிலும் ஓடியது. கொழும்பு வங்கிகளில் கூட்டு ஒப்பந்தம் பழகிய வழியிலேயே தொடர்கிறது. அங்கே ஊழியர் சங்கம் இன்னும் வங்கியை மூட வல்லது.

தோட்டத்தில் சம்பளத் தகராறு இப்போது, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு இறங்கிவிட்டது. நாளுக்கு 18 கிலோவா 20 கிலோவா, நிறை குறைந்தால் முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (பாதிச் சம்பளம்) என்பதைத் துரையும் சங்கத்தின் தோட்டத் தலைவரும் ஒவ்வொரு தோட்டத்திலும் தனித்தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். சந்தா வாங்க மாவட்டப் பிரதிநிதி மறுபடியும் லயத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். முதல் கேள்வி கிலோவைப் பற்றித்தான் வருகிறது.